உப்பில்லாத ரசம்

இரவு எட்டு மணிக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து பதுளை மெயில் புறப்பட்டது. சட்டைப்பையில் இருந்த தந்தியை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "அக்காவுக்குக் கடும் காய்ச்சல். சாப்பாடு இல்லை. உடனே வா." அனுப்பியவர் அக்காவின் கணவர் வீரையா மாமா. லேசில் தந்தி அடிக்கிற ஆள் இல்லை அவர். ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் அது.

விடிந்தபோது பண்டாரவளையில் குளிரும் மழையுமாக இருந்தது. தெமோதரையில் நின்று புறப்பட்ட ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருந்த சுரங்கத்துக்குள் நுழைந்தது. எல்லோரும் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். எனக்கோ எரிச்சல்.

"எவ்வளவு நேரங்க இந்த மலையவே சுத்துறது?"

"சுத்தாம எறங்குனா உருண்டுதாங்க போகணும்" என்று எதிரே இருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுளை பஜாரில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் மிளகும் சீரகமும் புளியும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்கா தம்பி? பூண்டும் கொண்டு போங்க" என்று தானாகவே எடுத்துக் கட்டினார்.

பசறை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மண் சரிந்து கிடந்த இடத்தை நடந்து கடந்து, அப்பால் நின்ற வேறு பஸ்ஸில் ஏறினோம். இறங்கிய இடத்திலிருந்து அக்கா இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். ஓட்டமும் நடையுமாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தபோது உச்சிப்பொழுது.

அக்கா பாயில் துணி மாதிரி கிடந்தாள். தோட்டத்து மருந்துக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், வாசலில் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு ஏதும் வயித்துக்குள்ள போகவேணும். இல்லாட்டி நாளைக்குப் பதுளை ஆஸ்பத்திரிதான். லொறிக்குச் சொல்லி வையுங்கோ."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. போன வருஷம் எங்கள் அம்மாவையும் இப்படி ஒரு காய்ச்சலில்தான் லொறியில் ஏற்றி அனுப்பினோம். அம்மா திரும்பி வரவில்லை.

"எதக் குடுத்தாலும் மண்ணாட்டம் இருக்குங்கிறா. உப்புக்கஞ்சியும் மருந்துத் தண்ணியும் அவளுக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, மாமா லொறிக்கு ஏற்பாடு செய்யப் போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். ரசம் வைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. நானோ அதுவரை அடுப்புப் பற்ற வைத்தவன் இல்லை.

ஈர விறகு. ஊதி ஊதிக் கண் எரிந்தது. அம்மியில் மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் நசுக்கி, கரைத்த புளியில் போட்டேன்.

"நுரை கட்டுனதும் எறக்கிடு. கொதிக்க விட்டுறாத" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"சரிக்கா. தாளிக்கிறது இப்பவா, பெறகா?"

அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அக்கா!"

சட்டியை விட்டு ஓடினேன். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அசந்து தூங்கியிருக்கிறாள். திரும்பி ஓடினால் நுரை விளிம்பு வரை ஏறிவிட்டிருந்தது. பதறி இறக்கித் தாளித்துக் கொட்டினேன்.

அவளை எழுப்பித் தலையைத் தாங்கி, ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கினாள். முகம் கோணியது. வாந்திதான் என்று கிண்ணத்தைத் தேடினேன்.

"ஏன்டா, உப்பே போடலயா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தியே விட்டேன். அதே நேரம் மாமா நனைந்துகொண்டு உள்ளே வந்தார்.

"விடியக்காலையில லொறி வருதாம்."

"மாமா, ரசத்துல உப்பு இல்லையாம்! அக்கா சொல்லுது!"

மாமா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா இரண்டு டம்ளர் குடித்தாள். லொறி வேண்டாமென்று சொல்ல மாமா மறுபடி மழையில் ஓடினார்.

நான் புறப்பட்ட அன்று, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து ஒரு துணி முடிச்சைத் தந்தாள். "கொழும்புல கெடைக்குதோ என்னமோ. வச்சுக்க" என்றாள்.

தெமோதரையில் ரயில் மறுபடி மலையைச் சுற்றியபோதுதான் பிரித்துப் பார்த்தேன். ஒரு பிடி உப்பு. நான் குடியிருப்பதோ கொழும்பு ஜிந்துப்பிட்டியில், கடலுக்குப் பக்கத்தில். வீட்டில் அதைக் கண்டு என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் தொடங்கினேன்.