கமோர்ட்டா துறைமுகத்துக்கு இரண்டு வாய்

"கமோர்ட்டா, சீ ரொம்ப ரஃப். உங்கள ஸ்கிப் பண்ணிட்டு நேரா கார் நிக்கோபார் போறேன்."

ஜூலை மாதம், தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சம். தெற்கே கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேயருக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலின் கேப்டன் விஎச்எஃப் ரேடியோவில் இதைச் சொன்னபோது நான் இங்கே ஜெட்டி என்கிற கப்பல்துறையின் ரேடியோ அறையில் டியூட்டியில் இருந்தேன். கதவருகே நின்ற ராசுவும் கேட்டுவிட்டான். பக்கத்துத் தீவான கச்சாலில் ரப்பர் தோட்டத் தொழிலாளி. அவன் மனைவி செல்வி நிறைமாதம். இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்குள் போர்ட் பிளேயர் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர் இல்லை. அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம்.

"அது வரைக்கும் தாங்காதுங்க அண்ணே," என்றான்.

இந்தத் துறைமுகத்தை யாரும் கட்டவில்லை. வடக்கே கமோர்ட்டா, தெற்கே நான்கவுரி, கிழக்கே திரிங்கட் என்று மூன்று தீவுகள் சூழ்ந்து காக்கும் நீர். டேனிஷ்காரர், ஆஸ்திரியர், ஆங்கிலேயர் எல்லாரும் இந்த நீரைத் தேடி வந்ததாகப் படித்திருக்கிறேன். உள்ளே வர இரண்டு வாய். மேற்கு வாய் ஒடுக்கம். பருவக்காற்றில் அலை நேராக வந்து மோதும். கிழக்கு வாய் அகலம். அந்த மாதங்களில் தீவுகளே அதற்குச் சுவர்.

தினமும் காலையில் ஒவ்வொரு ஜெட்டியும் கடல்நிலையை ரேடியோவில் ஒரே சொல்லில் சொல்வது அன்றைய வழக்கம். எங்கள் அறை ஜன்னல் மேற்கு வாயைப் பார்த்தது. அதனால் பருவக்காற்று முழுவதும் எங்கள் சொல் 'ரஃப்'தான். பொய்யில்லை, பாதிதான் உண்மை. தூத்துக்குடிக்காரரான அந்தக் கேப்டனோ இங்கே ஒரே முறை, அமைதியான பருவத்தில், மேற்கு வாய் வழியாக வந்துபோனவர்.

பேஷண்ட் விவரம் சொல்லி, கிழக்கே சுற்றி வரும்படி கேட்டேன். உள்ளே தண்ணீர் குளம்போல் கிடக்கிறது என்றேன்.

"இங்க கிளாஸ்ல தண்ணி நிக்க மாட்டேங்கு. நீரு குளம்ங்கீரு," என்றார். "சுனாமிக்கு அப்புறம் அந்தப் பக்கம் தரை மாறிக் கெடக்குன்னு சொல்லுதாவ. கப்பல் பூரா பாசஞ்சர். உம்ம குளத்துல தரை தட்டுனா நீரா வந்து தள்ளுவீரு?"

நியாயமான கேள்வி. பக்கத்தில் நின்ற ஜோசப், எங்கள் லாஞ்ச் படகை ஓட்டும், இந்த நீரின் ஆழம் அறிந்த நிக்கோபாரி, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டார். "போல்தோ, ஹம் ஆகே சலேகா." நான் முன்னால் போகிறேன், சொல்லிவிடு என்கிறார். சொன்னேன்.

"சரி வே. வாய் வரைக்கும் வாரேன். அங்கயும் அலை கெடந்தா திரும்பிருவேன்."

செல்வியை ஆம்புலன்ஸில் ஜெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். ராசு அவள் கையைப் பிடித்தபடி கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்குள் முதலில் ஜோசப்பின் லாஞ்ச் தெரிந்தது. பின்னால் கப்பல், பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது. நான்கவுரியின் முனையைத் தாண்டியதும் ஆட்டம் குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. வாந்தியெடுத்துப் படுத்திருந்த பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து கம்பியோரம் வந்தார்கள். ஜெட்டியில் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினோம்.

கப்பலின் கேங்வே ஏணி இறங்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமும் சாயாமல் மேலே போனது. மேலே, கப்பலை ஓட்டும் பிரிட்ஜின் ஓரத்துக்கு வந்த கேப்டன் என்னைப் பார்த்து ஒரு கண்ணாடி கிளாஸைத் தூக்கிக் காட்டினார். விளிம்புவரை தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இரண்டு நாளில் ராசு போன் செய்தான். "பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க அண்ணே. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

அந்த வாரத்திலிருந்து காலை ரேடியோவில் நாங்கள் ஒரே சொல்லோடு நிறுத்துவதில்லை. மேற்கு வாய், கிழக்கு வாய், உள்ளே என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறோம். அந்தப் பருவம் முடியும்வரை ஒரு கப்பலும் எங்களை விட்டுப் போகவில்லை. புதிதாக டியூட்டிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஜன்னலில் தெரிவதோடு துறைமுகம் முடிந்துவிடுவதில்லை. வெளியே போய் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு மைக்கை எடுங்கள்.

அந்தக் கேப்டன் இப்போதும் திரிங்கட் அருகே வந்ததும் கூப்பிடுகிறார்.

"கமோர்ட்டா, குளத்துல எடம் இருக்கா வே?"