மரத்தில் கட்டிய சிவப்புத் துணி

மலேசியாவில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் அம்மாவும் அத்தையும் அடுத்தடுத்த நிரைகளில் பால் மரம் வெட்டினார்கள். மரம் வெட்டுவது என்றால் பால் வடிய மரப்பட்டையைக் கீறிவிடுவது. தம்பி அப்போது கைக்குழந்தை. பாதி மரங்களை வெட்டியதும் அம்மா அவனுக்குப் பால் கொடுக்க, பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகைக்கு ஓடுவாள். அத்தை தன் வேலையை முடித்துக்கொண்டு வந்து மீதியை வெட்டிக் கொடுப்பாள். எதுவரை வெட்டியாயிற்று என்று அத்தைக்குத் தெரிவதற்காக, கடைசியாக வெட்டிய மரத்தில் அம்மா ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போவாள். பழைய சேலையின் கிழிசல் அது.

எனக்கு ஆறு வயது. கொட்டகையில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து ஒருநாள் அம்மாவோடு போனேன். அத்தை வரும்வரை அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு அம்மா போனாள். என் கையில் ரப்பர் விதையைத் தலையாக வைத்த பொம்மை இருந்தது. பொம்மைக்குச் சேலை இல்லை. எதிரே மரம் சேலை கட்டிக்கொண்டு நின்றது. நான் என்ன செய்வேன்?

பொம்மைக்கு அதைச் சுற்றி, ஊர்வலம் விட்டுக்கொண்டே வெகுதூரம் போய்விட்டேன். அத்தையின் வாளிச் சத்தம் கேட்டதும் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மரத்தில் துணியைக் கட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக அதன் அடியில் உட்கார்ந்தேன். தன் நிரையிலிருந்து குறுக்கே வந்த அத்தை, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அடுத்த மரத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

பால் எடுக்கும் நேரத்தில் கங்காணி வந்தார். பதினெட்டு மரங்களில் பால் பிடிக்கும் மங்கு காய்ந்து கிடந்தது.

“என்னா, மரத்துக்கெல்லாம் லீவு குடுத்துட்டீங்களா?” என்றார். இன்னொரு தடவை மரம் விட்டுப்போனால் அம்மாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அங்கே போனால் சாயந்தரம்தான் திரும்பலாம். தம்பிக்குப் பகலில் பால் கிடையாது.

அம்மா அத்தையைப் பார்த்தாள். “துணி கட்டின எடத்துலேருந்து வெட்டலையா, அண்ணி?”

“துணி இருந்த எடத்துலேருந்துதான் வெட்டினேன். நீ எங்க கட்டினேன்னு யோசிச்சுப் பாரு.”

“நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா கட்டினேன்?”

“அப்ப எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சா?”

இருவர் சொன்னதும் உண்மை. அது தெரிந்த ஒரே ஆள் நான். நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்றும் வராது. அன்று அது வசதியாகவும் இருந்தது.

அவர்களுக்குள் பேச்சு நின்றது. வேலை நிற்க முடியுமா? துணியை நம்ப இருவருக்கும் பயம். மறுநாள் அத்தை முன்கூட்டியே வந்து நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தாள்.

“மரமே, உன்னோட முடிஞ்சுச்சு. அடுத்ததுலேருந்து வெட்டச் சொல்லு.”

“கேட்டுச்சு மரமே. புள்ள பசியில கத்தும், சீக்கிரம் போகச் சொல்லு.”

அன்று சாயந்தரம் அம்மா என் பொம்மையைக் கையில் எடுத்தாள். அதன் இடுப்பில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. நூலை எடுத்துப் போட்டுவிட்டு, பொம்மையை என்னிடமே கொடுத்தாள். பிறகு கருவாட்டைக் கழுவ உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் மரத்துக்குச் செய்தி நீளமாகப் போனது. “மரமே, கருவாட்டுக் கொழம்பு எடுத்து வச்சிருக்கேன், சாப்புட வரச் சொல்லு.”

“இன்னைக்காவது உப்புப் போட்டாளான்னு கேளு மரமே.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் சிரித்தார்கள். கருவாட்டுக் குழம்பில் அவ்வளவு சிரிப்பு இருக்கிறதே என்று நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து பழையபடி துணி மரத்துக்கு வந்தது. ஆனால் அம்மா அதைத் தன் தலைக்கு மேலே கட்டினாள். குள்ளமான அத்தை எக்கி எக்கித்தான் அதை அவிழ்க்கவேண்டியிருந்தது, ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அதே சேலையில் என் பொம்மைக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

தூரத்திலிருந்தே தெரியட்டும் என்றுதான் அம்மா அவ்வளவு உயரத்தில் கட்டுகிறாள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.