ஒல்லி, குண்டு, கூடு: கிதார் கடையில் நின்ற வருஷங்கள்

கிதார் விற்கும் கடையில் வேலை பார்க்க சங்கீத ஞானம் அவ்வளவாக வேண்டியதில்லை. ஒரே பாட்டின் ஆரம்பத்தை, அதுவும் தப்பாக, நாள் முழுக்கக் கேட்டும் முகம் மாறாமல் நிற்கத் தெரிந்தால் போதும்.

துணிக்கடையில் மடித்த புடவையையே மறுபடி மடித்தவர்கள், செருப்புக்கடையில் ஜோடியைத் தேடி ஏணி ஏறியவர்கள், மருந்துக்கடையில் டாக்டர் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு வாத்தியக் கடைக்கு, பி.காம். முடித்த கையோடு, கணக்கு எழுதப் போனேன். நான் சர்ச் கொயரில் கிதார் வாசிப்பவள் என்று எப்படியோ தெரிந்துகொண்ட முதலாளி வின்சென்ட் அண்ணன், நாற்காலியிலிருந்து எழுப்பி எலக்ட்ரிக் கிதார் மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வருகிறவர்களோ என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கடையில யாரும் இல்லீங்களா?" என்பார்கள்.

சுவரில் இருந்த கிதார்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். மெலிந்த உடம்பும் இரண்டு கொம்பும் உள்ளது ஒல்லி. சத்தம் கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி இருக்கும். முழுக்கட்டையில் செய்த கனமான ஆள் குண்டு. அதன் சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, லேசில் அடங்காமல் நிற்கும். உள்ளே பாதி பொள்ளலாக, மேலே நெளிந்த ஓட்டைகளோடு இருப்பது கூடு. பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் பேசுகிற குரல் அதற்கு.

தோளுக்கு ஆகுமா?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருத்தர் மகளோடு வந்தார். மகள் பெயர் கவிதா. வீட்டிலிருந்து பஸ்ஸில் காலேஜ் போய் வருகிறாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் என் பக்கம் நகர்ந்து வந்து குரலைத் தணித்தார். "இவங்கம்மா தவறி இன்னும் வருசந் திரும்பலீங்க. அப்ப இருந்து புள்ள பேச்சையே கொறச்சுப்போட்டா. கூடப் படிக்கிற புள்ள ஒண்ணு கித்தார் வாசிக்குதாமுங்க. அதப் பத்தி மட்டும் ரெண்டு வார்த்த சொன்னா. சரின்னு கூட்டிட்டு வந்துட்டனுங்க."

ஒவ்வொரு கிதாரையும் அவர்தான் முதலில் கையில் வாங்கினார். சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிப் பார்த்தார், தன் தோளில் மாட்டிப் பார்த்தார், தோளைத் தடவிக்கொண்டார். ஒல்லியைத் தூக்கியதும் முகம் தெளிந்தது. "இது புள்ள தோளுக்கு ஆகுமுங்க." குண்டைத் தூக்கியதும், "இதென்னங்க, தேங்கா மூட்டையாட்டம் இருக்குது!" என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஒல்லியை வாசித்தேன். கவிதா மரியாதைக்குத் தலையாட்டினாள். கூட்டை வாசித்தேன். அதற்கும் அதே தலையாட்டல்.

எடுத்ததற்கு அதையும் காட்டிவிடலாமே என்று குண்டை மாட்டி, ஆம்ப் என்கிற ஸ்பீக்கர் பெட்டியில் இருந்த முரட்டுச் சத்தத்துக்கான பித்தானைத் தட்டி, ஒரு இழுப்பு இழுத்தேன். எதிர்ச் சுவரில் தொங்கிய வயலின்களெல்லாம் சேர்ந்து முனகின. அவர் காதைப் பொத்திக்கொண்டார். கவிதா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கடைக்கே கேட்கிற மாதிரி. பொத்திய கை பொத்தியபடி அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளே வாங்கி மாட்டிக்கொண்டு கம்பிகளை மொத்தமாக அறைய ஆரம்பித்தாள். வின்சென்ட் அண்ணன் சத்தத்தைக் குறைக்க ஓடிவந்தார். அப்பா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். மனசு கேட்காமல் நான்தான் சொன்னேன், இது கனம், வீட்டுக்குள் ரொம்பச் சத்தமாகவும் இருக்கும், ஒல்லி என்றால் பதவிசாக இருக்கும் என்று. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சத்தமா இருந்தாப் பரவால்லீங் அம்மணி. ஊடு கம்முனு கெடக்கறதுதான் தாங்க முடியல."

கல்யாண மண்டபத்தில் ஒரு திசை

ஒல்லிக்கு ஒரு வியாதி உண்டு. டியூப் லைட், சீரியல் பல்பு எது பக்கத்தில் இருந்தாலும் 'ஙொய்' என்று இரையும். குண்டுக்கு அது கிடையாது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற அதன் பிக்கப்பில் இரட்டைச் சுருள், ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அமுக்கிவிடும். ரவி என்று ஒரு வாடிக்கையாளர், பகலில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை, சாயந்தரமானால் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கிதார். எவ்வளவு சொல்லியும் ஒல்லியை விடமாட்டார். கூச்சக்காரர். மேடையில் நின்றால் தன் செருப்பைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார்.

அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. ஆம்ப் எங்கள் கடையுடையது என்பதால் பார்த்துக்கொள்ள நானும் போயிருந்தேன். மேடையைச் சுற்றிக் கொடிகொடியாக சீரியல் பல்பு. ரவி கூட்டத்தைப் பார்த்து நின்றால் ஙொய். மாப்பிள்ளை பொண்ணு பக்கம் திரும்பினால் இன்னும் பெரிய ஙொய். அந்த வகைக் கிதாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு திசையில் இரைச்சல் அடங்கும். அவரும் திரும்பிக்கொண்டே போனார். அடங்கிய இடம், சமையல்கட்டு வாசலுக்கு நேர் எதிரே. மேடையில் எல்லோரும் கூட்டத்தைப் பார்த்துப் பாட, ரவி மட்டும் ரசம் கொதிக்கிற பக்கம் பார்த்து வாசித்தார். பொண்ணோட மாமா என்னிடம் வந்து, "ஏனுங்க, அவருக்கு எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்று கேட்டார். பல்பு, சுருள், இரைச்சல் என்று நான் விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் அதிகமானது.

இதற்குள் சமையல்கட்டு வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெண்கள், அண்டா கழுவுகிறவர்கள், கரண்டியைத் தோளில் சாத்தியபடி மாஸ்டர். தங்களைப் பார்த்துத்தான் அவர் வாசிக்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரவி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் குனியவே இல்லை. பாட்டில் இல்லாத சங்கதியெல்லாம் அன்றைக்கு அவர் கையில் வந்தது. வெங்காயம் அரிந்த ஒரு அம்மா முந்தானையால் முகம் துடைத்தாள், வெங்காயமாகவும் இருக்கலாம். கச்சேரி முடிந்து நாங்கள் வயரைச் சுருட்டும்போது மாஸ்டர் ஒரு இலை நிறைய ஜிலேபியோடு வந்தார். ரவி கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எத்தனையோ கல்யாணத்துக்கு ஆக்கியிருக்கறனுங்க. எங்களப் பாத்து வாசிச்ச மொத ஆளு நீங்கதானுங்க."

கண்ணாடி

பீளமேட்டு இன்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருத்தன் வந்து சிவப்பு ஒல்லி, கறுப்பு ஒல்லி, வெள்ளை ஒல்லி மூன்றையும் மாறி மாறி மாட்டினான். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பிக்கப், ஒரே சத்தம். சொன்னேன். தலையாட்டினான். கடையில் நிலைக்கண்ணாடி இருக்கிறதா என்றான். இல்லையென்றதும் வெளியே போய், சந்தில் நின்றிருந்த அம்பாசடர் கார் கண்ணாடியில் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தான். நான் ஆம்ப்பில் மாட்டி, பிக்கப் மாற்றுகிற பித்தானை ஒவ்வொன்றாகத் தள்ளி, இது கழுத்துப் பக்கம், இது கம்பியைக் கட்டிய அடிப்பக்கம், எது வேண்டும் என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டுப் பையன் கேட்டான்: "அதெல்லாம் இருக்கட்டுங்க்கா. பஸ்ஸுல லேடீஸ் சீட்டு லெஃப்ட் சைடுன்னா எந்தத் தோள்ல மாட்டோணும்?"

தறிக்காரர்

சூலூரிலிருந்து பழனிசாமி என்று ஒருத்தர் மனைவியோடு வந்தார். சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர். விசைத்தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தமாகிவிட்டது. அந்தச் சத்தத்தில் முதலில் போவது மேல் சுரம்தானாம், டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் கிதார் வாசித்தவர். முழுசாகக் காது போவதற்குள் ஒன்று வாங்கி வாசித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இதையெல்லாம் அந்த அம்மாதான் சொன்னார். பெயர் சரஸ்வதி. கணவரிடம் கத்தியே பழகிய குரலில் என்னிடமும் கத்திச் சொன்னார்.

ஒல்லியை வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பார்ப்பது போலப் பழனிசாமி என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டுக்குக் கொஞ்சம் தலை அசைந்தது. "வருதுங்க. கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்படறாப்பல வருதுங்க." ஆம்ப்பை இன்னும் ஏற்றினால் இருக்கிற காதும் கெட்டுவிடும். கூட்டை எடுத்து, வயர்கூட மாட்டாமல், அவர் மடியில் வைத்தேன். கம்பியைப் பார்க்க அவர் குனிந்தபோது கிதாரின் முதுகு அவர் நெஞ்சில் அழுந்தியது, தாடை மேல் விளிம்பில் பட்டது. அப்படியே தடித்த கம்பியைத் தட்டினார். கை நின்றுவிட்டது. மறுபடி தட்டினார். மெல்லிசான கம்பியைத் தட்டினார். "சரசு! எலும்புக்குள்ள கேக்குது! சின்னக் கம்பியுங்கூடக் கேக்குது!" அவர் மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார், சந்தில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

தாடையை எடுக்காமலே மனைவியைத் தட்டச் சொன்னார். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தோசைக்கல் சூடாகிவிட்டதா என்று பார்ப்பது போல விரல் நுனியால் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அவர் கண்ணை மூடிச் சிரித்தார். அந்த அம்மா மறுபடி தட்டினார், அவர் மறுபடி சிரித்தார். கொஞ்ச நேரம் அது இரண்டு பேருக்கும் விளையாட்டாகவே போய்விட்டது. நான் சும்மா ஆம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது சரஸ்வதியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக மெல்லிய குரலில் சொன்னார்: "நான் பாசமாப் பேசுனாலும் அக்கம்பக்கத்துல சண்டைன்னு நெனச்சுக்கறாங்கொ அம்மணி. இனி ரகசியமெல்லாம் இதுல தட்டிச் சொல்லிக்குவேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம்

டேனியலும் முருகேசனும் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் கிதார் வாசித்தவர்கள். டேனியல் லீட், மெட்டை வாசிக்கிறவர். முருகேசன் ரிதம், அதற்குத் துணையாகத் தட்டுகிறவர். கீபோர்டு வந்த பிறகு எல்லாக் குழுவிலும் நடந்தது அங்கேயும் நடந்தது. கிதாருக்கு ஒரு ஆள் போதும் என்று முருகேசனை நிறுத்திவிட்டார்கள். தன்னைப் பற்றி டேனியல்தான் ஏதோ சொல்லிவிட்டான் என்று முருகேசன் நினைத்தார். நினைத்ததைக் கேட்கவும் இல்லை. பேச்சு நின்றது. ஒருத்தர் கடையில் இருப்பது தெரிந்தால் இன்னொருத்தர் டீக்கடையில் காத்திருப்பார்.

ஒரு நாள் டேனியல் உள்ளறையில், பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், புதிதாக வந்த கிதார் ஒன்றை ஆம்ப்பில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு என்று ஒன்றுமில்லை, அங்கங்கே சில சுரங்கள். கம்பி வாங்க வந்த முருகேசனிடம் வின்சென்ட் அண்ணன் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்: "முருகேசா, சத்தத்த வெச்சுச் சொல்லு பாப்போம், ஒல்லியா குண்டா?" முருகேசன் தலையைச் சாய்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். "கிதார் எதுன்னு தெரியலீங்ணா. வாசிக்கறது டேனியலு."

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கம்பிப் பொட்டலம் கையில் இருந்தது, செருப்பும் மாட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே டேனியல், கச்சேரிக்கு முன்னால் அவர்கள் மைக் சரிபார்க்க வாசிக்கிற சொந்த மெட்டு ஒன்றை ஆரம்பித்தார். நடுநடுவே ரிதம் விழ வேண்டிய இடங்களெல்லாம் காலியாக நின்றன. முருகேசன் பெட்டி மேல் உட்கார்ந்து, சுவரிலிருந்த கூட்டை எடுத்து, அந்தக் காலி இடங்களில் கார்டு கார்டாக, கம்பிகளைச் சேர்த்துத் தட்டி, வாசிக்க ஆரம்பித்தார். வயர் இல்லாவிட்டாலும் கூடு தடுப்பைத் தாண்டுகிற அளவுக்குப் பேசும். உள்ளே சத்தம் நின்றது. இவரும் நிறுத்தினார். வின்சென்ட் அண்ணன் ஏற்கெனவே துடைத்த ஹார்மோனியத்தை மறுபடி துடைத்தார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரகரத்த குரல் வந்தது: "ரெண்டாவது கார்டு தப்பு. எப்பவும் அதே தப்பு. உள்ள வாடா."

இத்தனை வருஷம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றும் எந்தக் கிதார் உசத்தி என்று மட்டும் நான் கற்றுக்கொள்ளவே இல்லை, வாங்க வந்தவர்கள் யாரும் அதற்கு எனக்கு அவகாசம் தரவில்லை.