மணக்காத மூக்கைப் பொறுமை என்றோம்

பெண் மௌத்து என்று, ஒருத்தி இறந்த செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் எங்கள் தெருவில் முதலில் திறக்கும் கதவு ஹாஜரா ராத்தாவினுடையது. சென்ற கிழமை லுஹர் தொழுகைக்குச் சற்று முன் அறிவித்தது அவருடைய மௌத்தைத்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்து, சட்டியை மூடி வைத்துவிட்டுத்தான் போனேன். அழுகை வரவில்லை. கடந்த சில வருடங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிட்டிருந்தது.

அவரை அறிந்த சகோதரிகளுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. சாய்ந்தமருதில் எங்கள் பக்கத்தில் மௌத்தான பெண்களின் ஜனாஸாக்களை நெடுங்காலம் குளிப்பாட்டியவர் அவர். கூடப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. உடலைச் சுற்றும் கபன் துணி, பஞ்சு, கற்பூரம் குறையாமல் பார்ப்பது என் வேலை. முன்னின்று தண்ணீர் ஊற்றுவது அவருடைய வேலை. அந்த அறைக்குள் கண்ட எதையும் வெளியே கொண்டுவர விடமாட்டார். திரும்பி வரும் வழியில் யாராவது, "ராத்தா, மையித்துட முகம் எப்படி இரிந்த?" என்று கேட்டால், "முகம் மாதிரித்தான் இரிந்த. நீ போய் உன்ட உலையப் பாரு" என்பார்.

நெடுநாள் படுக்கையில் கிடந்து முதுகெல்லாம் புண்ணாகிப்போன ஒரு பெண்ணைக் குளிப்பாட்டப் போனோம். வாசலிலேயே வாடை. எங்களில் ஒருத்தி வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். நான் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். ராத்தா மட்டும் முகம் சுளிக்காமல் குனிந்து, புண்ணைச் சுற்றிப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தார். அந்த வீட்டார் அழுது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அல்லாஹ் உங்களுக்குத் தந்த சபுர இந்த ஊருல ஆருக்கும் தரல்ல" என்றார் ஒரு மாமி.

"சபுர் இல்ல மாமி. எனக்கு ஒண்டும் மணக்கல்ல."

பொறுமை இல்லை என்று அவர் சொன்னதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டோம். ராத்தா தன்னைப் புகழ விடமாட்டார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தோம்.

பிறகு, கடைசித் தண்ணீரில் கற்பூரத்தை அள்ளிப் போடத் தொடங்கினார். எங்கள் கண்ணெல்லாம் எரியும். "என்ன ராத்தா, மையித்தும் எழும்பித் தும்மப் போகுது" என்றேன். "மணம் வரல்ல கா, அதான்" என்றார். வீட்டில் அடுப்பில் கறி கருகினாலும் பக்கத்தில் இருந்தபடி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருப்பாராம். மகள் பர்ஸானா சத்தம் போடுவாள். கொரோனா வந்து போயிருக்கும் என்றார்கள் சிலர். பீனிசம் என்றார்கள் சிலர். ஆவி பிடித்தார், கருஞ்சீரகம் முகர்ந்தார். அப்படியே விட்டுவிட்டோம்.

சில வருடங்கள் கழித்து ஒரு ஜனாஸாவில், தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "வுழூச் செஞ்சாச்சா?" என்றார். முதலிலேயே செய்துவிடும் அங்கசுத்தி அது. ஓம் என்றோம். வலப்பக்கம் கழுவியதும் மறுபடி, "வுழூச் செஞ்சாச்சா?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அதைக் கண்டுவிட்டார்.

வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்படிப் பிடிக்கிறவர் அல்ல. "புள்ள, நான் பிழையாக் குளிப்பாட்டி அனுப்பினா அந்தப் பொம்புள ஆருட்ட வந்து முறையிடும்?" என்றார்.

வைத்தியரிடம் போக வேண்டும் என்று அவரே சொன்னார். நானும் பர்ஸானாவும் கூட்டிப் போனோம். மறதியைப் பற்றிக் கேட்டுவிட்டு, மணம் எப்போதிலிருந்து தெரியவில்லை என்று வைத்தியர் கேட்டபோது பர்ஸானா என்னைப் பார்த்தாள். மூக்கு மங்கிய எல்லோருக்கும் இந்த மறதி நோய் வராது, சளி தடிமனாலும் வயதாலும் மங்கும், ஆனால் சிலருக்கு மறதி வருவதற்குப் பல காலம் முன்பே மூக்குத்தான் முதலில் போகும் என்றார் அவர். முதலே வந்திருந்தால் மாறியிருக்குமா என்று பர்ஸானா கேட்டாள். மாற்ற மருந்தில்லை, ஆயத்தமாக இருந்திருக்கலாம் என்றார்.

அடுத்த கிழமை ராத்தா எங்களை வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணி தந்து, "இனி நான் தண்ணி ஊத்தமாட்டன். ஏனெண்டு கேக்கிறவங்களுக்குச் சொல்லுங்கோ" என்றார். எங்களில் ஒருத்தி, மறைக்க வேண்டிய விசயமல்லவா என்றாள். "மையித்துட கதையத்தான் மூடணும். இது உசிரோட இரிக்கிறவட கதை. சொல்லுங்கோ. இன்னொருத்திட மூக்க நீங்க புகழாம இரிப்பீங்க." அவருடைய அந்த அனுமதியில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அதன் பிறகு வந்த காலம் பெரும் களைப்பு. அறிவித்தல் கேட்டால் அபாயாவைப் புறம் மாறிப் போட்டுக்கொண்டு கேற்றடியில் நிற்பார். தடுத்தால் அழுவார். கூட்டிப் போய், குளிப்பாட்டும்போது மறைப்புக்குப் பிடிக்கும் துணியின் ஒரு மூலையைக் கொடுப்போம். கை தாழாமல் பிடித்திருப்பார். "ஆரு கா மௌத்து?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வோம். அவருடைய சொந்தத் தங்கை மௌத்தான அன்று, சொல்லும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டவர் போல் அழுதார். கடைசியில், "ஒரு நல்ல பொம்புள, ராத்தா" என்றேன். "அப்ப பாத்து ஊத்துங்கோ" என்றார். பிறகு என் பெயரும் போனது. கட்டிலில் இரண்டு மழைக்காலம் கிடந்தார். பர்ஸானாவும் நானும் மாறி மாறி இருந்தோம்.

சென்ற கிழமை அவரைக் குளிப்பாட்டும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்தோம். அவர் கோப்பையோடு நின்றுவிட்ட அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வழக்கம் அது. தெரியாவிட்டால் கேட்பது, மறந்தால் மறந்தேன் என்பது, அதற்கு வெட்கப்படாதது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். நான் வலப்பக்கம் முடித்துவிட்டு, "வுழூச் செஞ்சமா?" என்றேன். "ஓம் சாச்சி, செஞ்ச" என்றாள் பர்ஸானா. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. "ஓம் சாச்சி" என்றாள். இடப்பக்கம் ஊற்றினேன்.