காருக்காகப் போன ஞாயிறுகள்

போன சனிக்கிழமை அக்காவோடு கார் பட்டறைக்குப் போயிருந்தேன். குனோங் ராபாட்டில், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், கறுப்பு எண்ணெய்.

மெக்கானிக் செல்வம் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். உட்பக்கத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சுத்தமா இருக்குலா அக்கா! ஹைவேயில நல்லா ஓட்டியிருக்கீங்க. அண்ணே வரலையா?”

அக்கா காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அத்தான் தவறிட்டாருப்பா... போன மாசம்.”

செல்வம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

போன வருஷம் இதே மூடியைத் திறந்தபோது, உள்ளே தே தாரிக் பால் டீ நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருந்தது. அத்தானுக்கு அப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சென்டர் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். கார் அதைத் தாண்டி எங்கும் போவதில்லை.

“காரு அவ்வளவா ஓடவே இல்லையே தம்பி, அதுக்குள்ள எண்ணெய் கெட்டுருச்சா?” அக்கா பதறினாள்.

“கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க அக்கா. கிட்டக் கிட்ட ஓட்டினா இஞ்சின் சரியா சூடாகாது. ஈரம் உள்ளேயே தங்கிடும். ஓடலைன்னாலும் ஆறு மாசத்துல மாத்திடுங்க. வாரத்துல ஒரு நாளாச்சும் தூரமா ஓட்டுங்க.”

தூரமா? அத்தானை வைத்துக்கொண்டா?

நோய் வந்ததிலிருந்து மனுஷன் எங்கேயும் வருவதில்லை. கல்யாணமோ கோயிலோ — ஒரே பதில்தான். “என்னைப் பார்த்து எல்லாரும் உச்சுக் கொட்டவா?” வீட்டில் டிவி முன்னால் ஒரு நாற்காலி, சென்டரில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான் உலகம்.

ஆனால் காருக்கு என்றதும் யோசித்தார். “இஞ்சின் போச்சுன்னா உனக்குத்தான் கஷ்டம். சரி, ஞாயித்துக்கிழமை போலாம்.”

முதல் ஞாயிறு நானும் பின்சீட்டில் இருந்தேன். அக்கா ஓட்டினாள். சிலிம் ரிவர் டவுன் வரும்வரை அத்தான் வாயே திறக்கவில்லை. அங்கே ஒரு கடையில் உட்கார்ந்தோம். அவர் எதையும் அளவாகத்தான் குடிக்கலாம். அக்காவின் கிளாஸிலிருந்து இரண்டு மடக்கு. பிறகு கடைக்காரரிடம் செம்பனைக் குலை விலை விசாரித்தார். அவர் ஏதோ சொல்ல, அத்தான் சத்தமாகச் சிரித்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

அப்புறம் உடம்பு ஒத்துக்கொண்ட ஞாயிறெல்லாம் கிளம்பினார்கள். பீடோர், தஞ்சோங் மாலிம்... சனிக்கிழமை மாலையே அத்தான் சட்டையை எடுத்து வைத்துவிடுவாராம். ஒரு நாள் திரும்பும் வழியில் சொன்னாராம்: “செல்வத்துக்கிட்ட காரை முன்னாடியே காட்டியிருக்கலாம் புள்ள.”

போன மாதம் சென்டருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது.

போன சனிக்கிழமை எண்ணெய் மாற்றி முடித்ததும் செல்வம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இனிமே எங்கெல்லாம் ஓட்டுவீங்கக்கா?”

“சந்தைக்கு, கோயிலுக்கு... எல்லாம் கிட்டத்தான்.”

“அப்போ ஆறு மாசத்துல மறக்காம வந்துருங்க.”

அக்கா தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னேன். “நாளைக்கு வாரேன்க்கா. சிலிம் ரிவர் வரைக்கும் போலாம்.”

“இப்ப வேணாம்டா. பக்கத்துல வேற யாரையும் உட்கார வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல என்னால ஓட்ட முடியாது.”

அக்கா காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.

உங்கள் வீட்டிலும் கிளினிக்குக்கு மட்டும் போய்வரும் கார் ஒன்று இருக்கலாம். அதில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்து வரலாம். இந்த வாரம் கொஞ்சம் தூரமாகக் கூட்டிப் போங்கள்.

எதற்கு என்று கேட்டால்... இஞ்சினுக்கு நல்லது என்று சொல்லுங்கள்.