அறுபது வரப்பும் ஒரு விமானமும்

கார்மேகம் அதுவரை விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை. அதையும் அவர் பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் மூடிய கண்ணை, ஷார்ஜாவில் இறங்கி, பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையால் இரண்டு இடி இடித்த பிறகுதான் திறந்தார். இடையில் விமானம் பறந்ததா, உருண்டு போனதா என்று கேட்டால் இன்று வரை அவரால் சத்தியம் பண்ண முடியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான், அல் ஐன் போகிற வழியில் ஒரு பேரீச்சைத் தோட்டத்துக்குள், விமானம் இறங்கத் தரை போட்டார். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் மூன்று வருஷம் படித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். இரண்டு வருஷம்தான்.

சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். இரண்டாயிரத்து மூன்றில் வந்தவர். வந்த ஐந்தாம் மாதம் மகள் பிறந்தாள். பெயர் வைத்தது கூட போனிலேயே. மகளைப் போட்டோவில் பார்த்துப் பார்த்து, அந்தப் போட்டோவில் மகள் முகத்தைவிட கார்மேகத்தின் கைரேகைதான் அதிகம் இருந்தது.

தோட்டத்து முதலாளியை எல்லோரும் அர்பாப் என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் ஆசை வந்துவிட்டால் குழந்தை. முந்தின வருஷம் பாலைவனத்தில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் ஆசை. இந்த வருஷம் விமானம். இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம். வாங்கிவிட்டார், ஓட்டவும் பழகிவிட்டார். அரசாங்கத்தில் வாங்க வேண்டிய பேப்பரெல்லாம் வாங்கியாகிவிட்டது. சொந்தத் தோட்டத்தில் இறங்க வேண்டும், அதுவும் புல்லில் இறங்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

செப்டம்பர் மாதம் ஒரு காலையில், ஒட்டகமே குடை கேட்கிற வெயிலில், அர்பாப் கார்மேகத்தைப் பேரீச்சை மரங்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அறுநூறு மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் காலால் நடந்தே காட்டினார். "இதர் சப் காஸ் லகாவ்" என்று அங்கே புழங்குகிற இந்தியில் சொன்னார். எல்லாம் புல் வை. பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வெள்ளைக் கந்தூரா அங்கி படபடக்க, வாயால் 'உர்ர்ர்' என்று சத்தம் போட்டபடி கொஞ்ச தூரம் ஓடிக் காட்டினார். விஷயம் விளங்கிவிட்டது.

கார்மேகம் அந்த நேரம் பார்த்து லீவு கேட்டார். அர்பாப் யோசிக்கவே இல்லை. கையை மேலேயிருந்து கீழே இறக்கி, "தய்யாரா நீசே" என்றார். அப்புறம் கையைக் கீழேயிருந்து மேலே ஏற்றி, "தும் ஊப்பர்" என்றார். விமானம் இறங்கினால் நீ ஏறலாம். இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் எழுத முடியாது.

அன்றைக்கே மனைவி நாகஜோதிக்குப் போன் போட்டார். மாசிக் களரிக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்றார். குலசாமி கோயில் களரித் திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவைதான். பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது அங்கேதான், அப்போதுதான். அப்பன் இல்லாமல் குத்த மாட்டேன் என்று நாகஜோதி இரண்டு களரியைத் தள்ளியிருந்தாள்.

"இந்தக் களரிக்கும் வரலைன்னா சொல்லிருங்க" என்றாள் அவள். "காதைக் கல்யாணத்தன்னைக்கே சேத்துக் குத்திக்கிருவோம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளும் பாக்கட்டும்."

"வந்துருவேன் புள்ள. புல்லு மொளைச்சதும் வந்துருவேன்."

"ஊர்ல ஆம்பளைக மழை பேஞ்சதும் வர்றேம்பாக, அறுப்பு முடிஞ்சதும் வர்றேம்பாக. புல்லு மொளைச்சதும் வர்றேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

நர்சரியிலிருந்து லாரியில் புல் வந்தது. கார்மேகம் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அறுகம்புல்! ஊரில் வயலுக்குள் வந்தால் வேரோடு பிடுங்கி, வெயிலில் காயப்போட்டு, காய்ந்த பிறகும் நம்பாமல் கொளுத்துவாரே, அதே அறுகம்புல். அது இங்கே லாரியில், மேலே நிழல் வலை போர்த்தி, மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குகிறது. கார்மேகம் அதை ஒரு எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நட ஆரம்பித்தார்.

நட்டது பெரிதில்லை. தண்ணீர்தான் நிற்கவில்லை. மணலில் ஊற்றுகிற தண்ணீர், கொடுத்த கடன் மாதிரி, போன இடம் தெரியாமல் போனது. கார்மேகம் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மண்வெட்டியை எடுத்தார். விவரம் தெரிந்த விவசாயி என்ன செய்வான்? பத்து மீட்டருக்கு ஒரு வரப்பு, சாண் உயரம், குறுக்கே போட்டார். அறுபது பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் குளம் மாதிரி நின்று இறங்கியது. புல் சிரித்துக்கொண்டு வந்தது. வரப்பு மேலேயும் ஏறிப் படர்ந்து, வரப்பு இருப்பதே தெரியாமல் மூடிக்கொண்டது. அர்பாப் வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் நின்று தூரத்துப் பச்சையைப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காரில் போய்விடுவார்.

பிப்ரவரி வந்தது. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை விமானம் இறங்கும் என்று முடிவானது. களரி இருபத்தாறாம் தேதி. கார்மேகம் பெட்டியே கட்டிவிட்டார்.

பத்தாம் தேதி கிளிட்டஸ் வந்து சேர்ந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். அதுவரை ஜெபல் அலியில் அர்பாபின் கிடங்கில் மெக்கானிக். விமானத்தில் அவருக்குள்ள வேலை, சக்கரத்துக்குக் காற்றுப் பிடிப்பது மட்டும். ஆனால் அவர் பேசினால் அந்த எஞ்சினை அவர்தான் பத்து மாதம் சுமந்து பெற்றது போல இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற துணிப்பையும் கம்பமும் நடுவதற்காக வந்தவர், புல்லில் நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் குப்புற விழுந்தார்.

"வேய் கார்மேகம்! என்னவே இது?"

"வரப்புண்ணே."

"வரப்பா?" கிளிட்டஸ் எழுந்து பத்து மீட்டர் நடந்தார். "இது?"

"அதுவும் வரப்புண்ணே. மொத்தம் அறுவது. கயிறு புடிச்சுக் கட்டுனது, ஒரு விரக்கடை கோணாது."

"ஏ மாதாவே! பிளேனு எப்படிவே இறங்கும்?"

"மேலருந்து எறங்கும். காக்கா மாதிரி வந்து ஒரு பாத்திக்குள்ள உக்காந்துரும். எந்தப் பாத்தின்னு நான் துண்டைப் போட்டுக் காட்டுறேன்."

கிளிட்டஸ் தலையில் கைவைத்து அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஓடிவந்துதான்வே நிக்கும்! பஸ்ஸு வேகத்துக்கு ரெண்டு பங்கு வேகம். இதுல ஓடுனா மொத வரப்புல சக்கரம் போவும், ரெண்டாவதுல மூக்கு போவும், மூணாவதுல அர்பாப் போவாரு. மிச்சம் அம்பத்தேழு வரப்பு நம்ம ரெண்டு பேரையும் பொதைக்கதுக்கு."

கார்மேகத்துக்கு முகம் செத்துவிட்டது. அவர் நினைத்தது விமானத்தையோ அர்பாபையோ அல்ல. மகளின் இரண்டு காதுமடல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது, போட்டோவில் இருக்கிற மாதிரி, ஓட்டையில்லாமல்.

"அர்பாப்ட்ட சொல்லிருவோமா?" என்றார் கிளிட்டஸ், குரலை இறக்கி.

"சொன்னா ஒரு மாசம் தள்ளிப் போட்டுருவாரு. களரி தள்ளிப் போகாதுண்ணே."

அன்றைக்கே வெட்ட ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்த வரப்பை கார்மேகமே வெட்டினார். வெட்டிய இடமெல்லாம் வெறும் மணல். பச்சைக்குக் குறுக்கே அறுபது மஞ்சள் பட்டை. மேலேயிருந்து பார்த்தால் பெரிய வரிக்குதிரை செத்துக் கிடப்பது போல இருக்கும். மணலில் சக்கரம் புதையும் என்றார் கிளிட்டஸ். புல் ஒட்ட வேண்டும். புல்லுக்கு எங்கே போவது? நர்சரியில் கேட்டால் அர்பாபுக்குத்தான் போன் போடுவார்கள்.

கார்மேகம் மெல்லத் திரும்பி, அர்பாப் வீட்டு முன்னால் இருந்த புல்தரையைப் பார்த்தார். வெட்டி, சீவி, வாசனை போடாத குறையாக வளர்த்த புல். அர்பாபின் அப்பா வந்தால் அதில்தான் கம்பளம் விரித்து, காவா என்கிற அரபுக் காப்பி குடிப்பார்கள்.

"வேண்டாம்வே" என்றார் கிளிட்டஸ்.

"ரெண்டு விரக்கடை மண்ணோட பேத்து வச்சா, ஆறு நாள்ல புடிச்சுக்கிரும்ணே."

"வேண்டாம்னு சொல்லுதேன்."

"அவரு வெள்ளிக்கெழமைதான் வாராரு. அதுவும் மேல வழியா."

"மேலருந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்வே!"

தெரியட்டும் என்று கார்மேகம் மண்வெட்டியைப் புல்தரையில் இறக்கிவிட்டார். புல்தரையைச் சதுரம் சதுரமாகப் பெயர்த்து, அறுபது பட்டையிலும் அடுக்கினார். பிறகு ஒரு பேரீச்சை மரத்துண்டைப் பிளந்து, நடவுக்கு முன்னால் வயலைச் சமம் செய்கிற பரம்பு மாதிரி ஆக்கி, டிராக்டருக்குப் பின்னால் கட்டினார். பரம்புக்குப் பாரம் வேண்டும். பாரத்துக்கு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. கிளிட்டஸ் ஏறி உட்கார்ந்தார். அந்த உடம்பு மூன்று தடவை போய்வந்ததில் தரை மட்டுமல்ல, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாடும் லேசாக அமுங்கியிருக்கும்.

"எங்க அப்பன் கடல்ல அலை மேல போனாரு" என்று புலம்பினார் கிளிட்டஸ், வாயில் மணலோடு. "நான் கரையில கட்டை மேல போறேன்."

சோதனைக்கு ஒரு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. பிக்அப் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கிளாஸ் நிறைய மோர் வைத்து, எண்பதில் ஓட்ட வேண்டும். மோர் சிந்தவில்லை என்றால் விமானம் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை ஓட்டியபோது முழு மோரும் கார்மேகத்தின் சட்டையில் இருந்தது. புதன்கிழமை பாதி. அன்றைக்குப் பூராவும் தண்ணீர் பாய்ச்சி, தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மை இரண்டு பேரும் உருட்டினார்கள். வியாழக்கிழமை கிளாஸ் விளிம்பில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு, பயந்து உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆகாயத்தில் கொசு மாதிரி சத்தம் கேட்டது. கார்மேகம் ஓடிப்போய்ப் புல்லுக்கு நடுவில் நின்று, துண்டை வீசி, பஸ்ஸை நிறுத்துவது போல நிறுத்தப் பார்த்தார். விமானம் தாழ்ந்து வந்தது, ஆளைப் பார்த்தது, உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது.

"போறாருண்ணே! அர்பாப் திரும்பிப் போறாரு!" கார்மேகம் கத்தினார்.

"நடுவுல நின்னா உம்ம தலையிலயாவே இறங்குவாரு? வெளிய வாரும்வே!" கிளிட்டஸ் அவரைத் தரதரவென்று இழுத்துப் பேரீச்சை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

விமானம் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. கார்மேகம் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. சக்கரம் புல்லைத் தொட்டது. ஒரு துள்ளல்; கார்மேகத்தின் உயிர் அதைவிட உயரமாகத் துள்ளியது. பிறகு ஒட்டுப்போட்ட பட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பத்து, இருபது, நாற்பது... புல் பெயரவில்லை. விமானம் மெதுவாகி, எருமை மாதிரி நிதானமாக நின்றது.

அர்பாப் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். பாதிச் சிரிப்பில் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டுப் பக்கம் கையை நீட்டி, "கார்மேகம், மேரா கர் கா காஸ் கிதர்?" என்றார். என் வீட்டுப் புல் எங்கே?

கார்மேகம் அவர் செருப்புக்குக் கீழே விரலைக் காட்டினார்.

அர்பாப் குனிந்து பார்த்தார். ஒரு பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் ஒன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை. அவர் முகத்தில் கோபமா, ஆச்சரியமா என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அப்பா வருகிறார், முதலில் வீட்டுப் புல், அப்புறம்தான் லீவு என்றார்.

கார்மேகம் மூன்று வருஷத்தில் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வாய் தானாகத் திறந்தது. "தய்யாரா நீசே ஆயா, அர்பாப்" என்றார். விமானம் இறங்கிவிட்டதே. மேற்கொண்டு சொல்ல இந்தி இல்லை. கையை முட்டி உயரத்துக்கு வைத்து மகளைக் காட்டினார். பிறகு தன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அர்பாப் அதை மன்னிப்பு என்று நினைத்து, "காபி, காபி" என்றார். போதும், போதும். கார்மேகம் காதை விடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

கிளிட்டஸ்தான் குறுக்கே வந்தார். குழந்தை, காது, கோயில், ஒன்பது நாள் என்று உடைந்த இந்தியில் சொன்னார். கடைசியில் தன் நெஞ்சில் அடித்து, "காஸ் மே லகாயேகா" என்றார். புல்லை நான் வைக்கிறேன்.

அர்பாப் அவருடைய கிரீஸ் கையையும், வயிற்றையும் பார்த்தார். "தும்?" என்றார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று நாளில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வந்தன.

களரி ராத்திரி விடிந்ததும் கோயிலிலேயே காது குத்தினார்கள். மகள் கார்மேகத்திடம் வரவே இல்லை. ஊருக்கு வந்த ஐந்து நாளாகவே அவரை வீட்டுக்கு வந்த எவரோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். கார்மேகம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தியபோது அவள் ஊரே அதிரக் கத்தினாள். இரண்டாவது காதுக்கு ஊசி வந்தபோது, கிடைத்த கையைப் பிடித்து இழுத்துக் கடித்தாள். அது கார்மேகத்தின் கை.

"எடுங்க, ரத்தம் வருது" என்றாள் நாகஜோதி.

"இருக்கட்டும் புள்ள, கடிக்கட்டும்" என்றார் கார்மேகம். கையை எடுக்கவில்லை.