வேப்பம்பட்டுக் கிணற்றில் அக்கா அமிழ்த்திய அண்டா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் யூத வழக்கத்தில் நினைவு மலர் அச்சிடுவதில்லை. இறந்த நாளில் ஒரு விளக்கை ஏற்றி, அது தானாக அணையும்வரை எரிய விடுவோம், அவ்வளவுதான். ஆனால் ஆவடியிலும் வேப்பம்பட்டிலும் அக்காவோடு பழகிய நீங்கள், "எங்க கைல ஒரு மலர் வேணும்மா" என்று கேட்டுவிட்டீர்கள். அதனால் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா கொச்சிக்கு வடக்கே பறவூரில் பிறந்தார். எங்கள் உறவினர்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கைக்குழந்தையான அக்காவைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இங்கே வந்தனர். நான் இங்கேதான் பிறந்தேன். அம்மா சீக்கிரமே காலமாகிவிட, சமையலறையும் பண்டிகைகளும் அக்காவின் பொறுப்பாயின. பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம், வெள்ளி மாலையில் விளக்கு என எதையும் அவர் விட்டதில்லை. பம்பாயிலிருந்து வந்து அதே தொழிற்சாலையில் சேர்ந்த அத்தானை மணந்த பிறகும் எங்களுக்கு அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தார். எல்லோரிடமும் கலகலவென்று பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

அந்தத் தாழ்ந்த குரலை நான் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. வேப்பம்பட்டுக்காரர்கள் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். ஆவடி நண்பர்கள் பலருக்கு முழுக்கதை தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். காலரா பரவிக்கொண்டிருந்தது. குடியிருப்பில் குழாய்களை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். அதையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வீடு வீடாகச் சொல்லிப் போனார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் காய்ச்சுகிற அளவுக்குப் பெரிய பாத்திரம் இல்லை. அக்கா கடைக்குப் போய் மூடியோடு ஓர் எவர்சில்வர் அண்டா வாங்கி வந்தார்.

வாங்கியதை உடனே அடுப்பில் ஏற்றவில்லை. யூதரல்லாதவரிடமிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் புது உலோகப் பாத்திரத்தை, இறைவனை வாழ்த்தும் சொற்களைச் சொல்லி, இயற்கையான நீரில் முழுவதும் அமிழ்த்தி எடுக்க வேண்டும். அதன் பிறகே அதில் சமைக்கலாம். கடல் ஆகும், ஊற்றுக் கிணறு ஆகும். குடத்திலோ தொட்டியிலோ பிடித்து வைத்த தண்ணீர் ஆகாது.

"ஊரே படுத்துக் கிடக்கு, இப்பப் போயா இது? ஏத்து அடுப்புல" என்றார் அத்தான்.

"சின்ன பாத்திரத்துல காய்ச்சினது சாயங்காலம் வரைக்கும் போதும். அதுக்குள்ள வந்துடறேன்" என்றார் அக்கா.

ஆவடி ஏரியில் யாரையும் இறங்க விடவில்லை. கடற்கரைக்குப் போய் வந்தால் பொழுது போய்விடும். அதனால் நானும் அக்காவும் மின்ரயில் ஏறி வேப்பம்பட்டில் இறங்கினோம். அங்கே அப்பா காலத்திலிருந்து நாங்கள் போய்வரும் படிக்கிணறு ஒன்று வயலோரம் இருந்தது. கிணற்றின் உரிமையாளர் எங்களைக் கேள்வி கேட்காதவர். அன்று அவர் ஊரில் இல்லை. கைப்பம்பை மூடிவிட்டதால் பக்கத்துத் தெருவார் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்து வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

கடைச் சீட்டின் பிசின்கூட ஒட்டியிராதபடி அண்டாவை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தோம். அக்கா படியில் இறங்கி, எபிரேய மொழியில் வாழ்த்தைச் சொல்லி, அண்டாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். மூடியோடு நான் மேலே நின்றேன்.

"ஏய், தண்ணில இன்னா கலக்கினு கீற?"

திரும்பினேன். குடத்தோடு வந்த ஒரு பெண் அலறினார். வயலிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ என் கையிலிருந்த மூடியைப் பறித்தார். படிக்கட்டின் மேல்முனையை மறித்துக்கொண்டு முனுசாமி அண்ணன் நின்றார். அப்போது அவர் செங்கல் சூளையில் வேலை செய்துவந்தார். அவர் கையில் மண்வெட்டி இருந்தது.

"காலைலேர்ந்து எம் பொண்ணு வாந்தி எடுத்துகினு கீது. நீ இங்க குந்திகினு மந்திரம் ஓதுறியா?"

"அந்தம்மாவ மேல உடாத, போலீஸ கூப்பிடு" என்றது ஒரு குரல். ஒரு கல் என்னைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. கீழே அக்காவுக்குப் பின்னால் ஆழத் தண்ணீர்; முன்னால் அந்த மண்வெட்டி.

அக்கா அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். "அண்ணே, இந்தத் தண்ணிய நீங்க குடிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இறங்கியிருக்க மாட்டேன். உங்க பயம் நியாயந்தான்" என்றார். பிறகு, இது எங்கள் மதத்து வழக்கம், வெறும் பாத்திரம்தான், எதையும் கலக்கவில்லை என்று விளக்கினார்.

குடத்தோடு நின்ற ஸ்டெல்லா அக்காள் கேட்டார்: "நாங்க செஞ்சத, நாங்க வித்தத தண்ணில முக்கி எடுக்கணுமா? அப்ப எங்க கை பட்டா தீட்டா?"

கல் விழுந்ததைவிட அந்தக் கேள்விதான் தனக்கு அதிகம் வலித்தது என்று அக்கா பின்னாளில் சொல்வார்.

"தீட்டு இல்லம்மா. புது வீட்டுக்குப் போனா பால் காய்ச்சுறோம் இல்ல, அது மாதிரி. பாத்திரம் எங்க வீட்டுக்கு வருதுன்னு கடவுள்கிட்ட சொல்றது."

"பேச்செல்லாம் வேணாம். இந்தத் தண்ணிய குடிச்சிக் காட்டு" என்றார் முனுசாமி அண்ணன். பலரும் அதையே கத்தினார்கள்.

அக்காவின் குரல் தாழ்ந்தது. "மாட்டேன்."

"பாத்தியா! பயப்படுது பாரு!"

"நான் குடிச்சிட்டா, இது நல்ல தண்ணின்னு நீங்களும் அப்படியே குடிப்பீங்க. நான் எதுவும் கலக்கல. ஆனா காய்ச்சாத தண்ணிய இன்னைக்கு யாரும் குடிக்கக் கூடாது. அடுப்பு மூட்டுங்க. இதே தண்ணி, இதே அண்டா. கொதிக்கட்டும். முதல்ல நான் குடிக்கிறேன்."

ஸ்டெல்லா அக்காள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூன்று கற்களை உருட்டினார். நனைந்த சுள்ளி எளிதில் பற்றவில்லை. புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பையே பார்த்திராத அந்தப் புது அண்டாவின் அடி கறுத்தது. தண்ணீர் கொதிக்கும்வரை, அது ஆறும்வரை, மண்வெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார் முனுசாமி அண்ணன்.

காத்திருந்தபோது அக்கா அவரிடம் கேட்டார்: "பொண்ணுக்குக் குடிக்க என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. தண்ணி குடுத்தா இன்னும் போவும்னாங்க."

"ஐயோ அண்ணே, தண்ணி இல்லாமத்தான் உயிர் போகும்!"

எங்கள் உணவு, பாத்திர விதிகளுக்காக வெளியே எங்குமே தண்ணீர்கூடக் குடிக்காதவர் எங்கள் அக்கா. ஸ்டெல்லா அக்காள் தன் வீட்டு டம்ளரில் மொண்டு நீட்டினார். அது ஒரு பரீட்சை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அக்கா வாங்கி, வாய் வைத்து முழுவதும் குடித்தார். அதே டம்ளரில் அடுத்து ஸ்டெல்லா அக்காள் குடித்தார்.

உப்பும் சர்க்கரையும் வந்தன. முனுசாமி அண்ணன் வீட்டில் கண் சொருகிக் கிடந்த மகளுக்கு அக்கா அவற்றைக் காய்ச்சிய தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். வாந்தி எடுத்தாள், மறுபடி புகட்டினார். பால் வண்டியைப் பிடித்துக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியெல்லாம் கொடுக்க ஒரு சொம்புத் தண்ணீரும் போனது. குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

அண்டாவை எடுக்கப் போனேன். "இருக்கட்டும். இந்தத் தெருவுல இவ்வளவு பெரிய பாத்திரம் யார்கிட்ட இருக்கு?" என்றார் அக்கா. வெறுங்கையோடு ரயில் ஏறினோம்.

அடுத்த வாரம் அதே தெருவில் ஒரு முதியவர் காலராவில் இறந்தார். அந்தம்மா பாத்திரத்தில் காய்ச்சியதால்தான் என்று சிலர் பேசியது ஆவடிவரை வந்தது. அத்தான், "இனிமே அந்தப் பக்கமே போகாதே" என்று கெஞ்சினார். அக்கா போனார். துக்க வீட்டு வாசலில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிணற்றடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்டாவின் பக்கத்தில் முனுசாமி அண்ணன் நின்று, காய்ச்சாத தண்ணீரோடு போனவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நோய் அடங்கிய பிறகும் அக்கா அண்டாவைத் திரும்பக் கேட்கவில்லை. வேறொன்று வாங்கி, இந்த முறை கடலுக்கே எடுத்துச் சென்றோம்.

பின்னாளில் அக்காவுக்கு நுரையீரல் நோய் வந்தது. பேச மூச்சு போதாத நாட்களிலும், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாயா என்று சைகையில் கேட்பார். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அமைதியாக அடங்கினார்.

மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த குவார்ட்டர்ஸ் பெண்களுக்கும், வண்டி ஏற்பாடு செய்த அத்தானின் தொழிற்சாலை நண்பர்களுக்கும், அன்று மாலை எங்கள் ஓய்வுநாள் தொடங்குமுன் அடக்கம் முடிய வேண்டும் என்று சொன்னதும் ஓடி வந்து குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கல்லறையில் நாங்கள் சொல்லும் ஒரு பிரார்த்தனைக்கு யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். அன்று அத்தானோடு சேர்த்து இரண்டு பேர்தான் இருந்தார்கள். அத்தான் பிரார்த்தனைப் புத்தகத்தை மூடிவிட்டார். வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் மெல்ல, "நாங்க இன்னாம்மா சொல்லணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். கூட நில்லுங்க" என்றேன்.

தூறல் வலுத்தது. மண் மூடி முடியும்வரை ஒருவர்கூட ஒதுங்கவில்லை. அப்படி நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.